எழுத்து தெரியுதா, கெமிஸ்ட்ரி?

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். காஜா அண்ணனின் மனைவி மும்தாஜ் அக்காவின் தம்பி கைப்பேசியில் அழைத்தார். "போடிமெட்டு ரோட்டுல மச்சான் வண்டி நின்னுபோச்சு" என்றார். அடுத்து, "மச்சான் மௌத்தாயிட்டாரும்மா" என்றார்.

ஜீப் ஸ்டாண்டில் காஜா அண்ணனை அறிந்த நீங்கள் எல்லோரும் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு உடைந்திருப்பீர்கள். நான் முதல் வாக்கியத்திலேயே சிக்கிக்கொண்டேன். வண்டி ஏன் நின்றது? அதன் டாங்கில் நாங்கள் இருவரும் சேர்ந்து காய்ச்சிய எண்ணெய் இருந்ததா? எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதர் போய்விட்டார் என்று கேட்ட நிமிடத்தில் என் கண்முன் வந்தது அவர் முகம் அல்ல, அவர் வீட்டுக் கொட்டகையில் இருக்கும் பிளாஸ்டிக் கேன்கள்.

காஜா மைதீன் போடி ஜீப் ஸ்டாண்டில் இருபது வருடம் வண்டி ஓட்டியவர். காலையில் பெண்களை மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏற்றிப் போவார், மாலையில் இறக்கிவிடுவார். அவர் மனைவி மும்தாஜ் அக்கா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சமோசாக் கடை நடத்துகிறார். அந்தக் கடையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சமோசாவுக்குக் காத்திருப்பவள் நான். அதிகம் பேசமாட்டேன். ஒருநாள் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளதான? பலகாரம் சுட்ட எண்ணெயில வண்டி ஓடுமாமே. போன்ல காட்டுறான்."

"ஓடும்ணே. அப்படியே ஊத்தக்கூடாது. அதை டீசல் மாதிரி மாத்தணும்."

"மாத்துவோம். நம்ம பேச்சியம்மா நேத்து எறங்குறப்ப சொல்லுது, 'அண்ணே, ஏலக்கா பறிக்கிற கை, வீட்டுக்குப் போனா கரி வாசம் அடிக்குது'ன்னு. கொண்டை ஊசில திரும்புறப்ப புகை பூரா பின்னாடி உக்காந்திருக்கவுக மூஞ்சிலதான் அடிக்குது. இருபது வருசமா முன்னாடி பாத்தே ஓட்டிட்டேன்."

நான் அதைப் பற்றிப் படித்திருந்தேன், செய்ததில்லை. அவர் செய்யக்கூடியவர், படித்ததில்லை. இரண்டு அறியாமைகள் சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போய் ஓட்டை கீசர் ஒன்றை வாங்கி வந்தோம். அவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் அதற்கு ஒரு மோட்டார், நாலு குழாய், அடியில் ஒரு திருகு வைத்தோம். மும்தாஜ் அக்கா எட்டிப் பார்த்து, "குளிக்க வெந்நிக்கு ஒரு கீசர் வாங்குங்கன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்குறேன். இப்ப வந்துச்சு, எண்ணெய் குளிக்க" என்றார்.

எண்ணெயோடு சேர்க்க மெத்தனால் வேண்டும். அது விஷம்; வாங்குவதற்கு அனுமதி வேண்டும். நான்கு மாதம் அலைந்தோம். ஒரு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "சாராயம் காய்ச்சுறதுக்கு நல்ல சாக்குதான்" என்றார். காஜா அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சார், இவ்வளவு பேர்ல அஞ்சு வேள தொழுகிறவனப் பாத்தா கேக்குறீங்க?" என்றார். அந்த அறையே சிரித்தது. விண்ணப்பம் நகர்ந்தது.

இனி நான் சொல்வது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் நீங்கள் அறிந்தது பாதிதான்.

சாமான் பட்டியலை எழுதிக் கொடுத்தது நான். காஸ்டிக் சோடா என்று எழுத வேண்டிய இடத்தில் அவசரமாக "சோடா ஒரு கிலோ" என்று எழுதினேன். மலையில் சோடா என்றால் ஒன்றுதான் பொருள். பறித்த ஏலக்காயைக் காய வைக்கும் முன்பு, பச்சை நிறம் மங்காமல் இருக்க முக்கியெடுக்கும் சலவைச் சோடா. அவர் எஸ்டேட் ஸ்டோரிலிருந்து அதையே கேட்டு வாங்கி வந்துவிட்டார். வெள்ளைத் தூள், பெயரில்லாத டப்பா. லேபிள் இல்லாத எதையும் தொடாதே என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்பவள் நான். அதை நானே அள்ளிப் போட்டேன்.

காய்ச்சிய எண்ணெய் இரண்டாகப் பிரிய வேண்டும்: மேலே தெளிந்த எரிபொருள், கீழே பழுப்பு நிறக் கசடு. மூன்று நாள் பார்த்தோம். ஒன்றும் பிரியவில்லை. எண்ணெயைக் குறை சொன்னோம், மோட்டாரைக் குறை சொன்னோம். மூன்றாம் நாள் அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, காய்க்கு சோடா போட்டா பச்ச மாறாம இருக்கும். எண்ணெய்க்கு எதுக்குப் போடுறோம்?"

"எந்தச் சோடாண்ணே?"

சொன்னார். நான் எழுதாமல் விட்ட 'காஸ்டிக்' என்ற சொல்லைச் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மும்தாஜு, வெரசா வந்து பாரு! எண்ணெயப் பச்ச மாறாமக் காய வச்சிருக்கோம்!"

ஸ்டாண்டில் இந்தக் கதையை அவர் எத்தனை முறை சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். "நான் ஒரு கூமுட்ட, சோடாவ மாத்திக் கொண்டாந்துட்டேன்" என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிப்பார். பட்டியலில் ஒரு சொல்லை விட்டது நான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அருகிலேயே நின்ற நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சரியான சோடா வந்த பிறகு எண்ணெய் பிரிந்தது. அடுத்தது அதைத் தண்ணீரில் கழுவுவது. முதல் தடவை வேகமாகக் குலுக்கி, கீசர் நிறைய மோர் போல ஒன்றை உண்டாக்கினோம். "டீசலக் குளிப்பாட்டுறாராம், பவுடரும் போட்டு விடுவாரா?" என்று ஸ்டாண்டில் கேலி செய்தார்கள். "குளிக்காம வர்ற ஒன்னைய ஏத்துறதுக்கு இது மேலு" என்பார் அவர். பிறகு பூவுக்குத் தெளிப்பது போலத் தண்ணீரைத் தூவிக் கழுவப் பழகினோம்.

கழுவி, ஈரம் போகச் சூடாக்கி, ஆறவைத்த எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடிப்பார். சமோசா மடிக்கும் செய்தித்தாளின் முன்னால் அதைத் தூக்கிப் பிடித்து, "எழுத்து தெரியுதா, கெமிஸ்ட்ரி?" என்று கேட்பார். பாட்டிலின் வழியே அச்செழுத்தைப் படிக்க முடிந்தால் எண்ணெயில் ஈரமில்லை. ஒருமுறை நான் "மங்கலாத் தெரியுது" என்றேன்.

"மங்கலாத் தெரியுதுன்னா தெரியலன்னு அர்த்தம்."

மறுபடி சூடாக்கினோம்.

டீசலில் பத்தில் ஒரு பங்குதான் கலந்தோம். அதையும் அவர் உடனே ஆள் ஏற்றும் வண்டியில் ஊற்றவில்லை. பின்சீட்டில் மணல் மூட்டைகளை அடுக்கி, தனியாகப் போடிமெட்டு வரை மூன்று முறை ஏறி இறங்கினார். "அவுக என்னைய நம்பித்தான ஏறுறாக, எண்ணெய நம்பியா ஏறுறாக?" என்றார். நான்காவது நாள் பெண்கள் ஏறினார்கள். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பேச்சியம்மாள், "அண்ணே, புகையில சமோசா வாசம் வருது, பசிக்குதுல்ல" என்று கத்தினாராம். அன்று மாலை அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெட்கம் கலந்த மகிழ்ச்சியை நான் வேறு எந்த ஆண் முகத்திலும் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அக்கா கடையில் சமோசா சுடுவது பாமாயிலில்; அதிலிருந்து செய்த எரிபொருள் குளிரில் கட்டிப்படும். வடிகட்டியை அடைத்தால் என்ஜின் நின்றுவிடும். போடியின் வெயிலில் கவலையில்லை; மார்கழி, தையில் போடிமெட்டுப் பனியில் ஆகாது. இதை நான் ஐப்பசியிலேயே படித்து அடிக்கோடு இட்டிருந்தேன். அவரிடம் சொன்னேனா? நினைவில்லை. ஆய்வகத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளை எல்லாம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். குளிர் என்ற சொல்லே அவற்றில் இல்லை. முன்பு ஒரு சொல்லை விட்டவள் நான். இந்த முறையும் விட்டிருந்தால்?

மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதுவும் என்னை ஆற்றவில்லை. ஏற்றத்தில் நின்ற வண்டியை இறங்கித் தள்ளியதில் நெஞ்சு அடைத்திருந்தால்? அவர் வீட்டு வாசலில் நின்றவர்களில் யாரோ, "பலகார எண்ணெய ஊத்துனா வண்டி நிக்காம என்ன செய்யும்?" என்றார். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே மும்தாஜ் அக்கா என் கையைப் பிடித்து, "கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்று கேட்டார். அன்று அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். கொட்டகைக்குப் போய், எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று கேன்களை எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சனிக்கிழமை, வேறொருவர் ஓட்டிய ஜீப்பில் பெண்களோடு ஏறிக்கொண்டேன். பக்கத்தில் பேச்சியம்மாள். செவ்வாய்க்கிழமை காலை காஜா அண்ணன் வண்டியில் முன்சீட்டில் இருந்தவர் அவர்தான். மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் கேட்டேன்.

"அக்கா, வண்டி நின்னப்ப அண்ணே எறங்கித் தள்ளுனாரா?"

"நின்னுச்சா? எவன் சொன்னான்?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் வண்டிக்குள்ளயா இருந்தாக? நான் இருந்தேன் ஆத்தா. வண்டி நல்லா ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்தப் பனியில அவருக்கு சட்டையெல்லாம் வேர்வை. 'பேச்சி, எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்கங்க'ன்னாரு. பள்ளத்துப் பக்கம் போகாம மலப் பக்கம் ஒடிச்சு, பாறையோட அணைச்சு நிறுத்துனாரு. கை பிரேக்க இழுத்தாரு, சாவிய அமத்துனாரு. 'வெரசா எறங்குங்க, டயருக்குக் கல்லு வைங்க'ன்னாரு. நாங்க எறங்கிக் கல்லு வச்சிட்டுத் திரும்பிப் பாத்தா, ஸ்டியரிங்கு மேல சாஞ்சிருக்காரு."

அந்த இடம் வந்தது. கற்கள் இன்னும் ஓரத்தில் கிடந்தன. பேச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்: "வண்டி நிக்கல. அவரு நிறுத்துனாரு."

மேலே, அவர் வழக்கமாக நிறுத்தும் டீக்கடையில் இறங்கினேன். கடைக்காரர் மலையாளி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மோளே, நீயல்லே அந்தக் கெமிஸ்ட்ரி?" என்றார். பதில் சொல்லும் முன்பே மிட்டாய்ப் பாட்டில்களுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்தார்.

"நம்ம காஜாவோட குப்பி. ஒரு மாசமா இங்கதான் இருக்கு. தினம் காலையில எடுத்து நம்ம பேப்பர்ல வச்சுப் பாக்கும். 'இன்னிக்கும் எழுத்து தெரியல சேட்டா. பனி போகட்டும், அது வரைக்கும் வண்டிக்கு இத ஊத்தமாட்டேன்'னு சொல்லும்."

பாட்டிலில் இருந்தது எங்கள் எண்ணெய். நெய் போல வெள்ளையாகக் கட்டியிருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் அவருடைய சாய்ந்த கையெழுத்து: மார்கழி. கட்டுது. ஊத்தாதே.

நான் சொல்லித்தான் அந்தப் பாட்டிலை அங்கே வைத்தாரா, தானாகவே யோசித்து வைத்தாரா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. கேட்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

ஸ்டாண்டில் இருக்கும் அண்ணன்மாரிடம் ஒன்று கேட்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசும்போது வண்டி நின்றுவிட்டது என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டு பெண்கள் இறங்கும்படி ஒருவர் அதை நிறுத்தினார்.

கடைக்காரர் பாட்டிலை அதே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். முந்தலில் வெயில் ஏறியது. போடியில் இறங்கித் தாளைப் பிரித்தபோது, ஓரத்திலிருந்து வெள்ளை கரைந்து நடுவில் மட்டும் பஞ்சு போல மிதந்துகொண்டிருந்தது. வீட்டு ஜன்னலில் வைத்து அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். பகல் ஒரு மணிக்குள் அதுவும் கரைந்தது. கசங்கிய தாளை நீவி, பாட்டிலுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

தெரியுது அண்ணே. மங்கலா இல்ல.