கரும்பு விழுந்த காருக்கு இரண்டு கம்பெனி

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு வண்டி நசுங்கினால் பிழைப்பும் நசுங்கிவிடும். போதாததற்கு, இன்சூரன்ஸ் பணத்தை யாரிடம் கேட்பது என்று ஊரே யோசனை சொல்லும். ஸ்டியரிங் பிடித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

டீ கேட்ட சவாரி

பூரணாங்குப்பம் பிலோமினாம்மா, விழுப்புரத்தில் மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க என் வண்டியில் கிளம்பினார். சொன்ன நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வழக்கம். நடுவில் நிறுத்துவது பிடிக்காது. திருபுவனை வந்ததும் டீ குடிக்க வேண்டும் என்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரமாக நிறுத்தினேன். எனக்கும் சேர்த்து அவரே டீ வாங்கினார்.

கடை வாசலில் நின்று பாதி டம்ளர் குடிப்பதற்குள், கரும்பு ஏற்றி வந்த டிராக்டரின் டிரெய்லர் சாய்ந்து என் கார்மேல் கவிழ்ந்தது. கூரை சீட்டோடு ஒட்டிக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. என் டீ சட்டையில் சிந்தியது. பிலோமினாம்மா சிலுவை போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“டீ கேட்டதுக்கு மூஞ்சியத் தூக்கினீங்களே அண்ணே, இப்ப இன்னா சொல்றீங்க?”

வில்லியனூர் ஸ்டாண்டில்

எனக்கும் முழு இன்சூரன்ஸ் இருந்தது. டிராக்டருக்கும் இன்சூரன்ஸ் இருந்தது. என் இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டால் பாலிசியில் போட்ட மதிப்பு மட்டும், ஆனால் சீக்கிரம் வரும். டிராக்டரின் கம்பெனியில் கேட்டால் வண்டி ஓடாத நாட்களின் வருமானத்தையும் சேர்த்துக் கேட்கலாம். அதற்குக் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். முடிய வருஷக் கணக்காகும். அதுவரை நான் எதை ஓட்டுவது?

கூட ஓட்டுகிற சேகர், இரண்டு பக்கமும் வாங்கிவிடு என்றான். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் தரமாட்டார்கள் என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொன்னதை அவனிடம் சொன்னேன். அவனுக்கு மனசு ஆறவில்லை.

“அப்பறம் எதுக்கு பெருசு ரெண்டு கம்பெனி?”

டிராக்டர்காரர் வந்தார்

டிராக்டரின் சொந்தக்காரர் பண்டசோழநல்லூர் விவசாயி. வழக்கு வேண்டாம் என்று கெஞ்சத்தான் என் வீட்டுக்கு வருகிறார் என்று நினைத்தேன். யாரிடமும் கறாராகப் பேச எனக்கு வராது. தண்ணீர் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே இருந்தேன். அவரோ தன் கம்பெனியில்தான் நான் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கோர்ட்டுக்கு வந்து தப்பு எங்கள் பக்கம்தான் என்று சொல்லவும் தயாராம்.

“டிராக்டர் வாங்கினதுலருந்து சும்மா பிரீமியம் கட்டிகினு வரேன், உங்களுக்காவது உதவட்டும்பா.”

சர்வேயர்

என் கம்பெனி அனுப்பிய சர்வேயர் சின்ன வயசுக்காரர். காரைச் சுற்றி வந்து, இதை ரிப்பேர் செய்ய முடியாது, முழு நஷ்டம் என்று எழுதிக்கொண்டார். என் சந்தேகத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்த பணத்தை டிராக்டர் கம்பெனியிடம் எங்கள் கம்பெனியே கேட்டுக்கொள்ளும் என்றார். ஓடாத நாட்களின் வருமானம் கிடைக்காது என்பதையும் மறைக்கவில்லை. நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று இன்னொரு தடவை கேட்டேன். வழக்கும் வேண்டாம், வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். சர்வேயர் காலைத் தட்டிக்கொண்டே தலையாட்டினார்.

“கம்பெனிங்க சண்டைய கம்பெனிங்க பாத்துக்கும் ஐயா, நீங்க உள்ள இருக்கற கரும்ப எடுங்க, எறும்பு கடிக்குது.”

மறுபடியும் திருபுவனை

பிடித்தம் போக மீதிப் பணம் வந்தது. அந்தப் பணத்தில் பழைய வண்டி ஒன்றை நல்லதாகப் பார்த்து வாங்கினேன். முதல் சவாரி பிலோமினாம்மாதான். குழந்தைக்குக் காது குத்து. திருபுவனையில் அவர் வாய் திறப்பதற்குள் நானே டீக்கு நிறுத்தினேன். கரும்பு வண்டி எதுவும் நெருங்க முடியாத ஒரு சந்துக்குள், சுவர் ஓரமாக. அவர் இறங்கி, தூரத்தில் தெரிந்த டீக்கடையைப் பார்த்தார்.

“இவ்ளோ தூரம் நடக்கறதுக்கு நான் பஸ்லயே வந்திருப்பேன் அண்ணே.”

எந்தக் கம்பெனியிடம் கேட்பது என்று நான் அத்தனை பாடுபட்டு யோசித்தேன், ஆனால் யோசிக்க ஆள் மிஞ்சியதற்குக் காரணமான அந்த டீக்குக் காசு கொடுத்தது பிலோமினாம்மாதான்.