ஆயுத பூஜைக்கு மறுநாள் மறைந்த புள்ளிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் நடந்தது இது. நான் ஆவுடையார்கோவிலில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். சர்வர் படுத்துவிட்டால் எழுப்பிவிடுவது, நெட்வொர்க் அறுந்தால் எங்கே அறுந்தது என்று தேடுவது, இதுதான் என் பிழைப்பு. 'கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறாள்' என்று என் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் கல்யாண வீட்டில் யாருடைய கைப்பேசி சார்ஜ் ஏறவில்லை என்றாலும் என் கையில்தான் கொண்டுவந்து திணிப்பார்கள்.

ஜெகதாப்பட்டினம் பக்கம் பைபர் படகுக்காரர்கள் சங்கம் ஒன்றுக்கு நான் ஒரு சர்வர் அமைத்துக் கொடுத்திருந்தேன். சம்பளமில்லாத வேலைதான், ஆனால் மீனுக்குக் குறைவிருக்காது. ஒவ்வொரு படகிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி இருக்கும். படகு எங்கே நிற்கிறது என்பதை அது ரேடியோ வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். சங்கக் கட்டட மொட்டைமாடியில் உள்ள ஆன்டெனா அதை வாங்கி, கீழே அலமாரிக்குள் இருக்கும் சர்வருக்குக் கொடுக்கும். சர்வர் அதைக் கடல் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளியாகக் காட்டும். எங்கள் கடலில் எல்லைக்கோடு அதிக தூரத்தில் இல்லை. தெரியாமல் தாண்டிவிட்டால் ஆளையும் படகையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் கரையில் இருப்பவர்களுக்கு எப்போதும் உண்டு. பல வீடுகளில் பெண்கள் கைப்பேசியில் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பார்கள்.

அன்று எனக்கு விடுமுறை. பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சங்கச் செயலாளர் கூப்பிட்டார். வருடக்கணக்கில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர், கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அவர் குரல் இறங்கியிருந்தது. விடிவதற்கு முன் கடலுக்குப் போன ஒரு படகில் இன்ஜின் நின்றுவிட்டதாம். படகில் நான்கு பேர். கரைக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது, இன்ஜின் நின்றுவிட்டது என்று சொல்லும்போதே சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு யாருடைய கைப்பேசிக்கும் அழைப்பு போய்ச் சேரவில்லை. மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று வேறு, படகைக் கிழக்கே எல்லைக்கோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். இழுத்துவர ஆட்கள் தயார். கடலோரக் காவல்படைக்கும் சொல்லியாயிற்று. எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, படகு எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான். வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லும் ஒரு வசதி உண்டு. பத்து முறை கூப்பிட்டால் ஒரு முறை பதில் வந்தது, அதுவும் தூக்கத்தில் பேசுவதுபோல் வந்தது. உள்ளே நுழையப் பார்த்தேன். ஒரு எழுத்து தட்டினால் அது திரையில் வருவதற்குள் ஒரு பூரி சுட்டு எடுத்துவிடலாம். பிறகு அதுவும் நின்றுபோனது.

பழைய கணினி, ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார்கள். எழுந்த வேகத்தில் மறுபடியும் படுத்தது. இன்னொரு முறை அணைத்துப் போட்டும் அதே கதைதான். அங்கே படகு நகர்ந்துகொண்டே இருக்கிறது, இங்கே நான் திரையை முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் எது கெட்டாலும் முதலில் கேட்கும் கேள்வி, 'எதை மாற்றினீர்கள்?' நானும் கேட்டேன். யாரும் ஒன்றையும் தொடவில்லை என்றார் செயலாளர். சுற்றி வளைத்து மறுபடி கேட்டேன். அலமாரிப் பக்கமே யாரும் போகவில்லையா என்று போலீஸ் விசாரணை போலவும் கேட்டுப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சத்தியமா யாரும் ஒண்ணும் மாத்தலம்மா. நாலு உசுரு கடல்ல கெடக்கு, இந்நேரத்துல பொய்யா சொல்லுவோம்?"

இந்தப் பதிலை நம்பக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். யாரோ எதையோ செய்துவிட்டு மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எரிச்சலில் லேப்டாப் மூடியைக் கொஞ்சம் வேகமாகப் பின்னால் தள்ளினேன். மூடியிலிருந்து ஏதோ உதிர்ந்து மேசையில் விழுந்தது. பார்த்தால் காய்ந்த சந்தனம். முந்தின நாள் என் கணவர், 'சோறு போடுற சாமி' என்று கேலி பேசியபடியே லேப்டாப்பைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜையில் அடுக்கியிருந்தார். அதை எடுத்துப் பழையபடி வயர்களை மாட்டியது அன்று காலையில்தான். என்னிடம் யாராவது, 'லேப்டாப்பில் எதையாவது மாற்றினாயா?' என்று கேட்டிருந்தால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். சாமி கும்பிடுவதை யார் மாற்றம் என்று கணக்கில் சேர்ப்பார்கள்?

சர்வருக்கும் பூஜை போட்டீர்களா என்று கேட்டேன். பின்னே போடாமலா என்றார் செயலாளர், இப்படியும் ஒரு கேள்வியா என்கிற குரலில். வேலையைச் செய்தவர் அங்கேயே நிற்பதாகச் சொல்லி, சங்க அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கைப்பேசியைக் கொடுத்தார். கொடுக்கும் முன் தணிந்த குரலில் ஒன்று சொன்னார். அந்தப் படகில் போன நான்கு பேரில் ஒருவர் அக்காவின் கணவர்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அந்த அம்மாள் என்ன ஆவார்? அதனால் கேள்வியை மாற்றினேன். அலமாரியில் எல்லா வயரும் வந்து சேரும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதில் விளக்குகள் எப்படி எரிகின்றன என்று மட்டும் கேட்டேன்.

"எல்லா லைட்டும் ஒண்ணுபோல படபடன்னு அடிக்குது தங்கச்சி. எப்பவும் ஒண்ணு மின்னும், ஒண்ணு சும்மா கெடக்கும். இன்னைக்கு ஒண்ணுகூட ஓயல."

எனக்குப் பாதி உயிர் வந்தது. சர்வர் சாகவில்லை. ரேஷன் கடையில் வாங்கியவர்களே திரும்பத் திரும்பப் போய் வரிசையில் நின்றால் புதிதாக வந்தவர் கடை வாசலைத் தொடவே முடியாதல்லவா, அப்படி ஒரு நெரிசல். ஒரே வயரின் இரண்டு முனைகளையும் அந்தப் பெட்டியிலேயே செருகினால் இதுதான் நடக்கும். ஒரு ஓட்டையில் வெளியே போன செய்தி அடுத்த ஓட்டை வழியாக உள்ளே வந்து, பெருகிப் பெருகி வழியையே அடைத்துவிடும். படகு அனுப்பும் செய்தி உள்ளே வர முடியாமல் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது.

ஒவ்வொரு வயராகப் பிடுங்குங்கள், விளக்குகள் அடங்கினால் நிறுத்துங்கள் என்றேன். அக்கா ஒன்றைப் பிடுங்கினார். அடங்கவில்லை. திரும்பச் செருகிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினார். எனக்குக் கேட்டதெல்லாம் அவர் மூச்சுச் சத்தம்தான். பிறகு, "அடங்கிருச்சு" என்றார்.

சட்டென்று என் திரைக்கு உயிர் வந்தது. செய்தி வாங்கும் நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். வரைபடத்தில் கரையோரம் ஒரு புள்ளி முளைத்தது, தெற்கே இரண்டு, பிறகு இன்னும் சில. அவற்றில் அந்தப் படகு இல்லை. அக்கா இன்னும் கைப்பேசியை வைக்கவில்லை. நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். வலது ஓரத்தில், எல்லைக்கோட்டை ஒட்டினாற்போல் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம்.

"அது அவுக படகுதானா?"

"அவுகதான் அக்கா. நம்ம பக்கந்தான் நிக்கிறாக."

அவர் அழுத சத்தத்துக்கு நடுவே இடத்தைச் செயலாளரிடம் படித்துச் சொன்னேன். பழைய குரல் திரும்பிவிட்டது அவருக்கு, கைப்பேசி இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும். இரண்டு படகுகள் கிளம்பின. பிற்பகல் முழுக்க அந்த மூன்று புள்ளிகளும் நெருங்குவதையும், பிறகு ஒன்றாகச் சேர்ந்து மேற்கே நகர்வதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிசைந்த மாவு காய்ந்து கல்லாகிப் போனது. வீட்டில் யாரும் பூரி கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் நால்வரும் கரை சேர்ந்தார்கள். அன்று ராத்திரி அக்காவே கூப்பிட்டார். கணவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார் என்றார். பிறகு தானே ஆரம்பித்தார்.

"காலையில எல்லாத்தையும் தொடச்சு மாட்டுறப்ப ஒரு வயரு மட்டும் சும்மா தொங்குச்சு. நல்ல நாளும் அதுவுமா அது மட்டும் ஏன் அநாதையா கெடக்கணும்னு காலியா இருந்த ஓட்டையில சொருகி விட்டேன். அதனாலதானா தங்கச்சி?"

மழுப்பலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் அவர் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். அந்த வயரின் ஒரு முனையைப் பெட்டியில் மாட்டி, மறுமுனையைத் தொங்கவிட்டதே நான்தான். அங்கே போகும்போது என் லேப்டாப்பை மாட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று சோம்பேறித்தனமாக அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"அதனாலதான் அக்கா. தொங்கவிட்டது நான், சொருகினது நீங்க. ஆனா லைட்டு எப்படி எரியுதுன்னு நீங்க சரியாச் சொல்லலேன்னா இன்னைக்குப் புள்ளியே வந்திருக்காது."

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை நண்டு வந்து சேர்ந்தது.

மறு வருடம் ஆயுத பூஜைக்கு நானே சங்கத்துக்குப் போனேன். அந்த உதிரி வயரை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். மற்ற வயர்கள் போக வேண்டிய ஓட்டைகளுக்கு மேல் மட்டும் அக்கா குங்குமம் வைத்தார். பொட்டு இல்லாத ஓட்டையை யாரும் தொடக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். இதுவரை ஒருவரும் மீறவில்லை, செயலாளர் உட்பட.

இப்போதும் எங்கோ ஒரு சர்வர் படுத்துக்கொண்டு, மறுமுனையில் பயந்துபோன ஒரு குரல் 'நாங்கள் ஒன்றும் மாற்றவில்லை' என்று சொல்லும்போது, நான் அதை அப்படியே நம்பிவிட்டு, 'சரி, அங்கே உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது, சொல்லுங்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறேன்.