டீ நேரத்தைக் கெடுத்த ரிப்பேர்

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் டிராயிங் எல்லாம் ஒரே லினக்ஸ் கணினியில்தான் இருக்கும். காலையில் அதை ஆன் செய்துவிட்டு, மெதுவாகத் திறக்கட்டும் என்று எல்லோரும் டீக்கடைக்குப் போவோம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! தாமதம் எங்கே என்று தோண்டினேன். எப்போதோ கழற்றி எடுத்துவிட்ட ஒரு ஹார்ட் டிஸ்க்குக்காக அது தினமும் காத்திருந்தது. கணினி திறக்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில் அந்த டிஸ்க்கின் பெயர் இருந்த வரியை நீக்கினேன். கணினி சட்டென்று திறந்தது.

முதலாளி பூரித்துப்போனார். "அதான் டக்குனு வந்துடுச்சே, அப்பால இன்னாத்துக்கு டீ?"

லேத் ஓட்டுபவர் என்னை முறைத்தார். "உன்ன யாரு அண்ணாத்தே ரிப்பேர் பண்ணச் சொன்னது?"

மறுநாள் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். "பழைய மெஷினு சார், திரும்ப மக்கர் பண்ணுது" என்று முதலாளியிடம் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் டீக்கடைக்கு நடந்தேன்.