வகுப்புக்கு மாற்று ஆள்

ஸ்வீடனில் எங்கள் பல்கலைக்கழகத் துறையில், பிற்பகலானால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஃபிக்காவுக்குப் போய்விடுவார்கள். காப்பி, பன், கொஞ்சம் வெட்டிப்பேச்சு, அதுதான் ஃபிக்கா. குடித்த கோப்பையைத் துறைத்தலைவர் இங்க்ரிட்டே கழுவி வைப்பார். அவர் உள்ளே வரும்போது நான் ஒருவன்தான் எழுந்து நிற்பேன். முதுகுவலியா என்று ஒருமுறை அக்கறையாக விசாரித்தார்.

அங்கே வேலை எப்படி என்று ஊரிலிருந்து கேட்கிறீர்கள். நாமக்கல் பக்கம் தனியார் கல்லூரியில் இருந்தபோது, மே மாத வெயிலில் மாணவர் பிடிக்க வீடு வீடாக அலைந்திருக்கிறேன். ஆனாலும் பஸ்ஸில் ஏறினால், "சார், உக்காருங்க" என்று யாராவது எழுந்திருப்பார்கள். இங்கே கை நிறையச் சம்பளம், சனி ஞாயிறு என்னுடையது. ஏனென்று கேட்கத்தான் நாதியில்லை. நாமக்கல் கல்லூரியில் விடுப்பு வேண்டுமானால் நம் வகுப்பை எடுக்க ஒருவரை நாமே பிடித்துத் துறைத்தலைவரிடம் கையோடு கூட்டிப்போக வேண்டும். ஆள் இல்லையென்றால் விடுப்பும் இல்லை.

போன குளிர்காலத்தில் பள்ளிபாளையத்திலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"அப்பாவ ஈரோட்டுல ஆஸ்பத்திரில சேத்தியிருக்கறோம் சாமி. முடிஞ்சா வா."

உடனே கிளம்பியிருக்க வேண்டும். நானோ என் ஆய்வக வகுப்புக்கு ஆள் தேடி அறை அறையாகத் தட்டினேன். ஒருவர் வெளியூர். இன்னொருவர், "இதை ஏன் என்னிடம் கேட்கிறாய்?" என்றார், மறுக்கிறார் என்று திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் ஒருவர் சம்மதித்தார். அவரைக் கூட்டிக்கொண்டு இங்க்ரிட் முன் போய் நின்றேன்.

"ஆள் பார்ப்பது என் வேலை. நீ இன்னுமா கிளம்பவில்லை?" என்றார். "எத்தனை நாள் வேண்டுமோ இருந்துவிட்டு வா."

கோவையில் இறங்கும்போது அப்பா போய்விட்டிருந்தார்.

பழைய கல்லூரியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ஒருநாள் விடுப்புக்கு என்னை நாயாய் அலையவிட்ட துறைத்தலைவர், பந்தலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு போன் பண்ணியிருந்தா ஆஸ்பத்திரில நாங்க மாத்தி மாத்தி இருந்திருப்பமுங்களே" என்றார்.

இங்க்ரிட்டின் மின்னஞ்சலும் வந்திருந்தது, அவசரமில்லை என்று. இருவரும் நல்லவர்கள்தான். எனக்கு இருவர் மேலும் ஆத்திரமாக வந்தது.

காரியம் முடிந்த சாயங்காலம் அம்மா கேட்டார்.

"எப்பப் போகோணும் சாமி?"

"அவசரமில்லம்மா. எத்தன நாளு வேணும்னாலும் இருக்கச் சொல்லியிருக்காங்க."

அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"அத்தன லீவு இருந்துதா உனக்கு?"