எங்கள் விலாசத்தில் இன்னொருவன்

கடைக்கு எந்தத் தபால் வந்தாலும் அண்ணி முதலில் உறையைத் திருப்பி, அனுப்பியவர் விலாசத்தைப் படிப்பாள். அது இல்லாத உறையைப் பிரிக்க மாட்டாள். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

அவள் தையல் மெஷின் பழுது பார்ப்பவள். நான் கடையில் உதிரி பாகங்களை எடுத்துக் கொடுப்பவள். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை கடை போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"உடம்பு இளைக்கிற மாத்திரைனு தினமும் பத்து மெயில் அனுப்புறியே, வெட்கமா இல்ல?"

அண்ணி ரிசீவரை வாங்கிக்கொண்டாள். "ஐயா, நாங்க ஊசி விக்கிறவங்க. அந்த மெயிலை அப்படியே எனக்கு அனுப்புங்க."

மெயில் வந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தேடினாள். பதிவேட்டில் எங்கள் கடை விலாசம், எங்கள் போன் நம்பர். மெயில் முகவரி மட்டும் எவனுடையதோ. அந்தப் பதிவைப் பார்த்துத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

மதியத்துக்குள் முப்பது பேர் திட்டிவிட்டார்கள். எங்கள் வேலையில் பாதியைத் தரும் ஆடைத் தொழிற்சாலை மேனேஜரும் கூப்பிட்டார். "மோசடிக் கடைனு பேசிக்கிறாங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணலேன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்."

"நம்பரை மாத்திடுவோம்" என்றான் அண்ணன்.

"திருடன் உள்ள வந்தா நாம வீட்டைக் காலி பண்ணணுமாக்கும்."

டொமைனைப் பதிந்து கொடுத்த கம்பெனிக்குப் புகார் எழுதினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது: உரிமையாளருக்கு மெயில் அனுப்பி விசாரித்தோம், விவரங்கள் சரியே என்கிறார்.

"கோழி காணோம்னா நரியையே கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க" என்றான் அண்ணன்.

அண்ணி சிரிக்கவில்லை. மறுபடி எழுதினாள். மெயில் வேண்டாம், பதிவேட்டில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்யுங்கள். இரண்டே வரி.

வியாழக்கிழமை போன் வந்தபோது அவள் மெஷினுக்கு அடியில் கிடந்தாள்.

"டொமைன் உரிமையாளர் இருக்காங்களா?"

"அப்படி இங்க யாரும் இல்லைங்க" என்றேன். "இந்த நம்பர் ஆரம்பத்துலேருந்தே தையல் மெஷின் கடையோடது."

அண்ணி எழுந்து வந்து, கடை உரிமத்தின் நகலை அவர்களுக்கு அனுப்பினாள்.

மறுநாளே அந்த டொமைனை முடக்கினார்கள். அதே மெயில் முகவரியில் பதிந்திருந்த இன்னும் நாற்பத்தொரு டொமைன்களும் கூடவே போயின.

"புளுகுறவன் ஆளில்லாத விலாசமாப் பார்த்துப் போட்டிருக்கணும்" என்றாள் அண்ணி, கையில் கிரீஸோடு.

மேனேஜர் தானே வண்டியில் வந்து எட்டு மெஷின்களை இறக்கினார். "எங்களுக்கும் இப்படி மெயில் வருதும்மா. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

அதையும் பார்த்தாள். இதுவரை அண்ணியின் புகாரில் அறுபத்தேழு டொமைன்கள் மூடப்பட்டிருக்கின்றன. மூன்று இன்னும் விசாரணையில் இருக்கின்றன.