வக்கீலம்மா வாங்கிய ஐம்பது

வைரக்கண்ணுவின் ஊன பென்ஷனில் பாதியை வக்கீல் விழுங்கிவிட்டார் என்ற செய்தி ஆண்டிமடம் முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியாகத்தான் வைரக்கண்ணுவிடம் வந்து சேர்ந்தது. குற்றம் அவர் காதினுடையது. பீரங்கிப் படையில் இருந்தபோது இடது காது போயிற்று. அது பட்டாளத்து வேலையால் வந்ததல்ல என்று மேலிடம் கைவிரித்தது. பிறகென்ன, முந்திரித் தோப்பில் குயில் கூவியா செவிடாயிற்று? அதைத்தான் அரியலூர் வக்கீல் மணிமொழி, சென்னைத் தீர்ப்பாயத்தில், கொஞ்சம் மரியாதையான சொற்களில் கேட்டு ஜெயித்தார்.

செய்தியைக் கொண்டுவந்த செல்லப்பனும் பழைய பட்டாளத்துக்காரர். முட்டி போய், மனு தள்ளுபடியாகி, மேல்முறையீட்டுக்கு மணிமொழியிடம் போகவிருந்தவர்.

"நான் போவலண்ணே. பாதியப் புடுங்கிக்கிட்டா எனக்கு என்னா மிஞ்சும்?"

"எவன்யா சொன்னான்?"

"டீக்கடையில கேளுங்க."

கேட்கப் போனார். கடைக்காரர் கண்ணையன் கண்ணாடித் தம்ளரைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"நீங்கதாண்ணே சொன்னீங்க! தீர்ப்பு வந்த அன்னிக்கு வூட்டுல யாரும் எடுக்கலன்னு எனக்கு போன் போட்டு, 'வக்கீலம்மா அம்பது பர்சென்ட் வாங்கிட்டாங்க'ன்னு கத்துனீங்க. கடையே கேட்டுச்சு."

வைரக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

"வாங்கிக் குடுத்துட்டாங்கய்யா! பட்டாளத்து டாக்டருங்க ஊனம் முப்பதுன்னு போட்டிருந்தத அம்பதா ஏத்தி எனக்கு வாங்கிக் குடுத்துட்டாங்க!"

சந்தோஷத்தில் 'குடுத்து'வை விழுங்கியது அவர், பழி வக்கீலுக்கு.

"அப்ப பீஸு?" என்றார் செல்லப்பன்.

"மொதல்லயே பேசுனதுதான். ஜெயிச்சாலும் அதான், தோத்தாலும் அதான். ஜெயிச்சதுல பங்கு வாங்குனா கவுனையே உருவிடுவாங்களாம்."

மறுநாள் செல்லப்பன் முட்டியைத் தடவிக்கொண்டே அரியலூர் பஸ் ஏறினார். கூடவே வைரக்கண்ணு, ஒரு பை முந்திரிப் பருப்போடு. மணிமொழி செல்லப்பனின் காகிதங்களை வாங்கிக்கொண்டார், பையைத் தள்ளிவிட்டார்.

"'ஜெயிச்சா ஒரு பை முந்திரி'ன்னு கோர்ட்டு வாசல்லயே சொன்னீங்கள்ல? 'ஜெயிச்சா'ன்னுட்டா அது பங்குதாண்ணே. வேணாம்."

"என்னம்மா, காதுல வுழல," என்று வைரக்கண்ணு இடது காதைக் காட்டிப் பையை மேஜையில் வைத்துவிட்டு வெளியேறினார்.

பஸ் ஸ்டாண்டில் செல்லப்பன் அதே பையை அவர் மடியில் வைத்தார். "குடுத்து வுட்டாங்கண்ணே."

அடுத்த வருஷத்துப் பருப்பை என்ன சொல்லிக் கொடுப்பது என்று வைரக்கண்ணு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை, 'குடுத்து'வை விடாமல், மணிமொழி செய்ததை டீக்கடையில் கத்திக்கொண்டிருக்கிறார்.