குனிந்தால் ஓடும் வண்டி

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கைப்பேசியைத் தொடக் கூடாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு நானே எடுத்தேன், திரையில் ஜெபமணி என்று பெயர் வந்ததால். தேர்வு நாளில் ஆய்வக உதவியாளர் சொல்லாமல் வராமல் இருந்தால் யாருக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் “எங்கே இருக்கீங்க?” என்றேன். மறுமுனையில் பேசியது அவர் மகள் எஸ்தர்.

“சார், அப்பா காலையில தவறிட்டாரு சார். குளிச்சிட்டு வந்து சேர்ல உக்காந்தாரு. அவ்ளோதான்.”

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தேன். அவரே தொடர்ந்தார். “அப்பா வண்டி அங்கதான சார் இருக்குது? நேத்து மழைன்னு விட்டுட்டு ஆட்டோல வந்தாரு. அத அப்பா பக்கத்துல நிறுத்தணும்னு அம்மா சொல்லிக்கினே இருக்காங்க. யாராவது எடுத்தாந்து தர முடியுமா?”

ஜெபமணி அவர்களைத் தவிர அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவர் எங்கள் கல்லூரியில் ஒருவர்தான். அது நான். அது எப்படி நேர்ந்தது என்று சொல்வதுதான் அவருக்கு நான் செலுத்தக்கூடிய அஞ்சலி.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏனாத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றியவர் ஜெபமணி. ஒல்லியான, உயரமான மனிதர். எதிரே யார் வந்தாலும் வலக்கையை நெஞ்சில் வைத்துச் சற்றுக் குனிந்து வணங்குவார். பேச்சு குறைவு. ஒரு கருவியைத் திறந்து பார்க்காமல் அது கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். திறந்து பார்த்த பிறகு அது நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவும் மாட்டார்.

அந்தக் குணத்தால் எனக்கு இழப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரியை மதிப்பிட ஆய்வுக் குழு வந்தபோது, நிறமாலைமானிகள் பன்னிரண்டும் இயங்குகின்றன என்று துறைத்தலைவராகிய நான் சொன்னேன். குழுவில் ஒருவர் ஜெபமணியைப் பார்த்து அப்படியா என்று கேட்டார். “மூணு ஓடாது சார். லென்ஸ் போயிடுச்சு” என்றார் இவர். அந்த ஆண்டு முதல்வர் பதவி என்னைவிட ஏழு ஆண்டு இளையவருக்குப் போயிற்று. காரணம் அந்த மூன்று நிறமாலைமானிகள்தான் என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் ஜெபமணியிடம் வேலை தவிர வேறு எதுவும் பேசவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில்தான் அவருடைய முழங்கால்கள் தேய்ந்தன. “நிக்க முடியுது, நடக்கத்தான் முடியல” என்று மற்றவர்களிடம் சொல்லக் கேட்டேன். ஸ்கூட்டர் ஓட்டினால் முட்டியை மடக்கியே வைத்திருக்க வேண்டும், அதுவும் ஆகவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் கேட்டுக்கும், கேட்டிலிருந்து ஆய்வகத்துக்கும் உள்ள தூரம் அவருக்கு மலையாயிற்று. எஸ்தர் அப்போது நர்சிங் இரண்டாம் ஆண்டு. வேலையை விட்டால் அந்தப் படிப்பும் நிற்கும்.

ஒரு நாள் காலை ஜெபமணி நின்றுகொண்டே கல்லூரிக்குள் வந்தார். ஜன்னலிலிருந்து பார்த்த எனக்கு முதலில் அவர் உடல் மட்டும்தான் தெரிந்தது. மதில் சுவருக்கு மேலே இடுப்புவரை, ஆடாமல், சத்தமில்லாமல் நகர்ந்து வந்தது. சுவர் முடிந்த இடத்தில்தான் வண்டி தெரிந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, நெஞ்சளவுக்கு ஒரு கைப்பிடி. இருக்கை இல்லை, பிரேக் இல்லை. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். சென்னையில் ஏதோ ஒரு வணிக வளாகத்தில் காவலர்கள் ஓட்டியதாம். காயலான் கடைக்கு வந்ததை வாங்கி, புது பேட்டரி போட்டு, ஆறு மாதம் முயன்று நிமிர்த்தியிருந்தார்.

ஊர் அதற்கு நிக்கிற வண்டி என்று பெயர் வைத்தது. டீக்கடையில் இறங்காமலே கிளாஸை வாங்கிக் குடிப்பார். “கருட வாகனம் பாத்தாச்சு, யானை வாகனம் பாத்தாச்சு, இது இன்னா வாகனம் ஜெபமணி?” என்று கடைக்காரர் சீண்டுவார். “இதுக்குத் தூக்குறவங்க வேணாம்பா, அதான் விசேஷம்” என்பார் இவர். காலையில் நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டி, பட்டு இழைகளைச் சீர்செய்துகொண்டிருக்கும்போது பைக்காரர்களைத் திட்டித் திருப்பி அனுப்புவார்கள். இவரை மட்டும், “நீ போப்பா, உன்னுது தூசி கூட கெளப்பல” என்று ஓரமாக விடுவார்களாம். தெரு நாய்களுக்குக்கூட அதைத் துரத்துவதா வேண்டாமா என்று புரியவில்லை. யாருக்கும் கேட்காமல் பின்னால் வந்து நிற்பதால், கைப்பிடியில் ஒரு சைக்கிள் மணி மாட்டினார்.

“ஒரு சாண் ஒசரம்தான்மா கூடுது. ஆனா ஊரு வேற மாதிரி இருக்குது” என்று நூலகத்தில் ஓர் அம்மையாரிடம் சொன்னார். எந்த வீட்டு மதிலுக்கு உள்ளே மாதுளை காய்த்திருக்கிறது, எந்த மொட்டை மாடியில் என்ன காய்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்தது. நான் பேசாதவன் என்றாலும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைகீழாக நிற்கும் ஊசலை எப்படி விழாமல் நிறுத்துவது என்று இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் சமன்பாடு எழுதுபவன் நான். அது எதிரே வந்து மணி அடித்தால் எப்படிப் பார்க்காமல் இருப்பது?

பிறகு அந்த விபத்து. தாளாளர் விருந்தினர் இருவரோடு பூச்செடிப் பாதையில் வந்தார். எதிரே ஜெபமணி. முப்பது ஆண்டுப் பழக்கம். வலக்கை நெஞ்சுக்குப் போயிற்று, உடல் குனிந்தது. இடக்கை பிடித்திருந்த கைப்பிடி முன்னால் சாய்ந்தது. வண்டி நேராகத் தாளாளரை நோக்கிப் பாய்ந்தது. அவர் குரோட்டன்ஸ் செடிகளுக்குள் குதித்தார். மன்னிப்புக் கேட்பதற்காக ஜெபமணி இன்னும் குனிந்தார். வண்டி இன்னும் வேகமாகச் செடிகளுக்குள் போயிற்று.

மறுநாள் என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த வண்டியை வளாகத்துக்குள் அனுமதிக்கலாமா என்று இயற்பியல் துறைத்தலைவர் எழுத்தில் கருத்துத் தர வேண்டும். அனுமதி இல்லையென்றால் அவர் வேலைக்கு வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன எழுதலாம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ‘பாதுகாப்பற்றது’ என்ற ஒரு சொல் போதும். அதை ஆதாரத்தோடு எழுதுவதற்காகவே, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

மைதானத்துக்குக் கொண்டுவந்தார். ஏறுவதற்கு முன் ஒரே ஒரு தடவை பேசினார். “சார், ஓடும்னா ஓடும்னு எழுதுங்க. ஓடாதுன்னா ஓடாதுன்னு எழுதுங்க. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்.”

“இது தலைகீழ் ஊசல்தானே, எனக்குத் தெரியாதா?” என்று ஏறினேன்.

“தெரிஞ்சவங்கதான் சார் மொதல்ல விழறாங்க.”

விழுந்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றே கடிதத்தை எழுதி முடித்திருப்பேன். “நீங்க அத நிறுத்தப் பாக்குறீங்க. அது தானா நிக்கும் சார். நீங்க சும்மா இருங்க. காலப் பாக்காதீங்க, தூரமா அந்தத் தண்ணி டேங்க பாருங்க” என்றார்.

சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் அறிந்தேன். மூன்றாம் நாள் மாலை, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே போனால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் போய்க்கொண்டிருந்தேன். கால்விரல்கள் என்னைக் கேட்காமலே அழுத்தியிருக்க வேண்டும், விளக்கம் அவ்வளவுதான். ஆனால் அந்த விளக்கத்துக்கும், முகத்தில் காற்று பட நின்றபடியே தரைக்கு மேல் நகர்ந்ததற்கும் சம்பந்தமே இருப்பதாகத் தெரியவில்லை. மைதானத்தை நான்கு சுற்று வந்தேன்.

“சார், சிரிக்கிறீங்க.”

“இல்லையே.”

“சரி சார்.”

ஓடுவதை ஓடாது என்று எழுத எனக்கும் கை வரவில்லை. அன்று எழுதிய கருத்துரையின் கடைசி வரி இது: ‘இவ்வாகனத்தில் உடல் முன்சாய்வதே வேகத்துக்குக் காரணம் ஆகையால், இதில் செல்லும்போது திரு. ஜெபமணி வழியில் எவருக்கும் குனிந்து வணக்கம் தெரிவிக்க வேண்டியதில்லை என்று விலக்கு அளிக்கலாம்.’ தாளாளர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். நான் இயற்பியலைத்தான் எழுதினேன். வேறு எதையும் நினைத்து எழுதவில்லை.

அந்தக் கடிதத்தின் நகலை ஜெபமணி லேமினேட் செய்து கைப்பிடியில் கட்டிவைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

“எங்க அப்பா இருந்திருந்தா காட்டியிருப்பேன் சார். உங்க ஊரு மேலத் தெரு முனையில சைக்கிள விட்டு எறங்கிடுவாரு. குனிஞ்சிக்கினே தள்ளிக்கினு போயி அந்தாண்ட முனையிலதான் ஏறுவாரு. நான் பின்னாடி கேரியரப் புடிச்சிக்கினு நடப்பேன். குனிய வேணாம்னு சீல் வெச்சி எழுதிக் குடுத்து இப்பத்தான் சார் பாக்குறேன்.”

வாலாஜாபாத் சாலையில் இருக்கும் அந்த ஊரின் மேலத் தெருவில் மூன்றாவது வீடு எங்களுடையது. அது அவருக்கு எப்போதும் தெரியும். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் சொன்னதில்லை. சொன்ன அன்றும் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். பேட்டரி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று கேட்டேன். பதினைந்து சார் என்றார்.

அதன் பிறகு சில மாலைகளில், மாணவர்கள் போனபின், மைதானத்தில் எனக்கு இரண்டு சுற்று கொடுப்பார். எஸ்தர் படிப்பை முடித்து வேலைக்குப் போனார். நிறமாலைமானியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவே இல்லை.

அன்று தேர்வை உடன் பணியாற்றுபவரிடம் ஒப்படைத்துவிட்டு, சார்ஜில் நின்ற வண்டியை எடுத்தேன். மைதானத்துக்கு வெளியே ஓட்டுவது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னது சரிதான், ஒரு சாண் உயரம் ஊரை மாற்றிவிடுகிறது. மாதுளை மரத்தைப் பார்த்தேன். டீக்கடைக்காரர் வெளியே வந்து, “இன்னா சார், நீங்க வர்றீங்க? ஜெபமணி எங்க?” என்றார். பின்னால் சாய்ந்தேன், நின்றது. சொன்னேன். அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜெபமணியின் தெருமுனை வந்ததும் இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கனமான வண்டி. தெரு கொஞ்சம் நீளம். கைப்பிடியில் கட்டியிருந்த லேமினேட் அட்டை ஆடிக்கொண்டே வந்தது.

வாசலில் எஸ்தர் நின்றிருந்தார். “ஏன் சார் தள்ளிக்கினு வர்றீங்க? சார்ஜ் இல்லியா?”

“இருக்குதும்மா” என்றேன்.

ஜெபமணியின் தலைமாட்டில் வண்டியை நிறுத்தி, சுவிட்சைப் போட்டேன். ஆள் இல்லாமல், மெல்லிய நடுக்கத்தோடு, தானாக நேரே நின்றது. இறங்கியிருந்ததால் என்னால் குனிய முடிந்தது. குனிந்து அவர் கால்களைத் தொட்டேன்.

போய் வாருங்கள் ஜெபமணி. வழியில் எவருக்கும் நீங்கள் குனிய வேண்டியதில்லை. எழுத்தில் இருக்கிறது.